இருபத்து நான்கு ஊருக்கு ஒரு வழி

ஊர்ப் பெயர்களை மாற்றித்தான் சொல்லப் போகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த இரண்டு ஊர்க்காரர்களும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகிறார்கள். எனக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்காக வீண் வம்பை விலைக்கு வாங்க முடியுமா?

நடந்தது 2004, மாசி மாதம். நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். சுயநிதிப் பிரிவு. அதாவது நிரந்தர வேலையில் இருப்பவர்கள் லீவு போட்டால் அவர்கள் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஆள். வீடு நிலக்கோட்டையில். என் வீட்டுக்காரர் முருகேசன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், பூ வேன் ஓட்டுகிறார். எம்.எஸ்ஸி. படித்தவளை வேன்காரருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று கல்லூரியில் சிலருக்குத் தூக்கம் வராது. மாமன் மகன், அவ்வளவுதான் விஷயம்.

அவர் வேலை இதுதான்: அதிகாலையில் கிளம்பி, சுற்றுப்பட்டு ஊர்கள் இருபத்து நான்கில் மல்லிகைப்பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு வந்து சேர வேண்டும். தாமதமானால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். அதனால் எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்பது பெரிய விஷயம். வேறு வரிசையில் போனால் பத்து கிலோமீட்டர் கூடலாம், குறையலாம்.

இரண்டாயிரமாவது வருஷம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. உலகத்தில் யாராலும் தீர்க்க முடியாத ஏழு கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சம் டாலர் பரிசு. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அதில் ஒன்று தொண்டையில் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. ஏனென்றால் அந்தக் கணக்கு தினமும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, பூ மூட்டையோடு.

கணக்கு இப்படி. ‘இந்த இருபத்து நான்கு ஊரையும் தொண்ணூறு கிலோமீட்டருக்குள் சுற்றி வர முடியுமா?’ என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். யாராவது ஒரு வழியைக் காட்டினால், தூரங்களைக் கூட்டிப் பார்த்து ஆமா, இல்லை என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். யாரும் காட்டாவிட்டால் நாமே தேட வேண்டும். தேட ஆரம்பித்தால், மூன்று என்று எழுதி அதன் பின்னால் இருபத்து மூன்று சைபர் போட்டால் எவ்வளவு வருமோ அவ்வளவு வழி இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டராலும் அத்தனையையும் ஒன்றுவிடாமல் போட்டுப் பார்க்க முடியாது. சுலபமாகச் சரிபார்க்க முடிந்ததைச் சுலபமாகக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டா? இதுதான் கேள்வி. பெரிய பெரிய மேதைகளில் பாதிக்கு மேல், அப்படி ஒரு வழி இருக்க வாய்ப்பில்லை என்று நம்புகிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வேனில் முன் சீட்டில் ஏறிக்கொள்வேன். அவர் ஓட்டுவார், நான் பேசுவேன். எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான்.

“ஏங்க, இது உங்க வேனுக்கு மட்டும்னு நெனச்சுராதீங்க” என்றேன் ஒரு நாள். “இது மாதிரி ஆயிரம் கணக்கு ஒரே குடும்பம். ஒண்ணத் தீத்தா எல்லாத்தையும் தீத்த மாதிரி. ரயில்வேக்காரன் டைம்டேபிள் போடுறது, கரண்டு கம்பிய எந்தப் பக்கம் இழுத்தா செலவு கம்மின்னு பாக்கறது, செல்போனுக்குள்ள இருக்க சில்லுல எதுக்குப் பக்கத்துல எத வைக்கிறது, எல்லாம் இதுதான். உடம்புக்குள்ள புரதம் எப்படி மடங்குதுன்னு கண்டுபிடிக்கிறதுல கூட இதே முடிச்சு இருக்கு. அத அவுத்தா புது மருந்து செய்யுறதுக்கு இருவது வருஷம் ஆவுறது ரெண்டு வருஷத்துல முடிஞ்சுரும்.”

“நல்லதுதான?” என்றார்.

“நல்லது மட்டும் இல்ல. பேங்க்ல ரகசியத்தப் பூட்டி வக்கிறதும் இத நம்பித்தான். ரெண்டு பெரிய நம்பரப் பெருக்குறது லேசு. பெருக்கி வந்தத மறுபடி பிரிக்கிறது கஷ்டம். அந்தக் கஷ்டத்துலதான் அவங்க பொழப்பு ஓடுது. வழி கண்டுபிடிச்சுட்டா அம்புட்டும் தெறந்துரும்.”

அவர் ஒரு வேகத்தடையில் நிதானமாக ஏறி இறங்கினார். “அப்ப நீ கண்டுபிடிச்சா ஏடிஎம்முல போட்ட காசு போச்சா?”

“நம்ம காசா? அத எடுக்கறதுக்கு எவன் இம்புட்டுக் கணக்குப் போடப் போறான்?”

சிரித்தார். ஆனால் அடுத்த வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, ஊருக்கு ஊர் எவ்வளவு தூரம் என்று மீட்டரைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். மார்க்கெட்டையும் சேர்த்து இருபத்தைந்து இடம், முந்நூறு ஜோடி. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கண்மாய்க்கரைப் பாதை, காட்டுப் பாதை ஒன்றையும் விடவில்லை. நான் கேட்கவே இல்லை, அவராகச் செய்தார். அப்போது எனக்கு அது பெரிதாகவும் படவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாலு வருஷத்தில் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். ரொம்பப் பக்கத்தில் இருக்கும் ஊர்களை முதலில் ஒட்டிக்கொண்டே போவது. பிறகு ஒட்டிய துண்டுகளை ஒன்றோடொன்று சேர்ப்பது. சேர்ப்பதற்கு ஒரு விதி வைத்திருந்தேன். அந்த விதிப்படி போனால் ஒருமுறை ஒட்டிய இரண்டு ஊர்களைப் பிரிக்க வேண்டிய தேவையே வராது என்பதற்கு ஒரு நிரூபணம். மொத்தம் ஐம்பத்திரண்டு பக்கம். பன்னிரண்டு ஊர் வரைக்கும் கல்லூரிக் கம்ப்யூட்டரில் எல்லா வழிகளையும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் முறை சொன்னதுதான் குறைந்த தூரம். மூன்று பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். மூன்று பேரும் படித்துவிட்டு, பிழை எதுவும் தென்படவில்லை என்று எழுதினார்கள். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் மாநில அளவிலான கருத்தரங்கம் என்று நாள் குறித்து, நிகழ்ச்சி நிரலில் என் கட்டுரையை முதல் கட்டுரையாகப் போட்டார்கள். கல்லூரி முதல்வர் என்னை ‘அம்மா’ போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார். அடேயப்பா, அந்த ஒரு மாதம் நான் தரையிலேயே நடக்கவில்லை.

எனக்கு என்ன பயம் என்று முருகேசனிடம் சொல்லியிருந்தேன். “இருவத்து நாலு ஊருக்கும் என் முறை தொண்ணூத்து ரெண்டு கிலோமீட்டர்னு சொல்லுது. அதுக்குக் கம்மியா ஒரே ஒரு வழி, ஒண்ணே ஒண்ணு, யாராச்சும் காட்டிட்டாப் போதும். அம்பத்திரண்டு பக்கமும் குப்பைக்குப் போயிரும்.”

கருத்தரங்கில் காட்ட, நிஜ வேனில் ஓடிய கணக்கும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசை. இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, அவர் கிளம்புவதற்கு முன்பே, என் முறை சொன்ன வரிசையை ஒன்று முதல் இருபத்து நான்கு வரை நம்பர் போட்டுப் பெரிய எழுத்தில் அச்சடித்து, வேன் கதவில் ஒட்டினேன். தினமும் வந்து நிறுத்தியதும் மீட்டரை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். வேனை அவர் வேறு எதற்கும் எடுப்பதில்லை.

முதல் நாள் சரியாகத் தொண்ணூற்றிரண்டு. நான் கை தட்டினேன். அடுத்த நாள் வந்தவர் முகம் கொஞ்சம் சரியில்லை. “கரட்டுப்பட்டியில கொஞ்சம் சலசலப்பு. சரியாப் போச்சு” என்றார். நோட்டைப் பார்த்தேன், தொண்ணூற்றிரண்டு. அதற்கு அடுத்த நாளும் தொண்ணூற்றிரண்டு. அப்புறம் நான் தினமும் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டேன். திரையில் காட்டுவதற்கான கண்ணாடித்தாள்களை எழுதுவதில் மும்முரமாக இருந்ததால், அந்த இரண்டு ஞாயிறும் வேனில் ஏறவும் இல்லை.

கருத்தரங்குக்கு முந்தைய வியாழக்கிழமை மதியம். முருகேசன் வீட்டுக்குப் பின்னால் ஈரச் சாக்குகளை அலசிக்கொண்டிருந்தார். கடைசித் தாளில் அன்றைய மீட்டர் எண்ணை எழுதலாம் என்று நோட்டைப் புரட்டினேன். நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. எழுதும்போது ஒரு சின்ன சந்தேகம், ஏழா ஒன்றா என்று. அவர் எழுத்து அப்படி. சரி, வேனிலேயே பார்த்துவிடலாம் என்று ஏறிப் பார்த்தேன்.

மீட்டரில் நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

இறங்கினேன். மறுபடி ஏறினேன். அதே எண். நோட்டில் எழுதியதைவிட வண்டியில் இருபத்தைந்து கிலோமீட்டர் குறைவு.

“ஏங்க” என்று கத்தினேன், “வேன் பின்னாலயேவா ஓடுது?”

சாக்கைக் கீழே போட்டுவிட்டு வந்தார். நோட்டும் கையுமாக நான் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “மீட்டரு மக்கர் பண்ணுது” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பொய் சொன்னால் எப்படி இருக்கும்? காது சிவந்துவிட்டது.

“என்னங்க நடந்துச்சு? மரியாதையாச் சொல்லுங்க.”

வேன் படியில் உட்கார்ந்தார். “நீ ஒட்டுன தாளுல ஓடைப்பட்டிக்குப் பதினாலு, கரட்டுப்பட்டிக்குப் பதினஞ்சுன்னு போட்டிருந்துச்சுல்ல? மொத நாளே ஆண்டிச்சாமி வேன மறிச்சுட்டாரு.”

ஆண்டிச்சாமி கரட்டுப்பட்டியில் பெரிய பூந்தோட்டக்காரர். இரண்டு ஊருக்கும் ஒரே காளியம்மன் கோயில். திருவிழாவில் கரட்டுப்பட்டிக்கு விபூதி கொடுத்த பிறகுதான் ஓடைப்பட்டிக்கு. இதற்காக அந்தக் காலத்தில் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

“‘ஏலே முருகேசா, ஓடைப்பட்டிக்கு அப்புறமாடா நாங்க? எவன்டா நம்பரு போட்டது?’ன்னாரு. எம்பொண்டாட்டின்னு சொல்ல முடியுமா? கம்ப்யூட்டருன்னேன். ‘ஆத்தா கோயில்ல யாருக்கு மொத விபூதின்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமாலே? நாளையிலேருந்து எங்க பூவ ஏத்திட்டுத்தான் அங்க போகணும். இல்லன்னா எங்க ஊருப் பூவு ஒண்ணு உன் வண்டியில ஏறாது’ன்னுட்டாரு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நம்பர் என்பது வரிசைக்குத்தான், மரியாதைக்கு இல்லை என்று அந்த ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு வட்டத்துக்கு முதல் இடமும் கிடையாது கடைசி இடமும் கிடையாது என்று நான் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கே சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

“சரி, ரெண்டையும் மாத்திப் போட்டிருப்பீங்க. கூடத்தான வரணும்? எப்படிக் கொறஞ்சுச்சு?”

“மாத்துனா வந்த வழியே திரும்பணும். அதான் கரட்டுப்பட்டிய முன்னாடியே, ஏழாவது ஊரு முடிச்ச கையோட கண்மாய்க்கரை வழியாப் போயி ஏத்திட்டேன். ஓடைப்பட்டிய திரும்பி வரும்போது கடைசியில எடுத்துக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் நடுவுல பதினஞ்சு ஊரு வந்துருச்சு. சண்டையும் இல்ல. மார்க்கெட்டுல நிறுத்திட்டு மீட்டரப் பாத்தா…”

“எவ்வளவு?”

“எண்பத்தொம்போது சொச்சம்.”

நான் உள்ளே ஓடிப்போய் அவருடைய தூர நோட்டை எடுத்து வந்தேன். அவர் வரிசையைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தூரமாக எழுதினேன். இருபத்தைந்து எண்கள். எங்காவது ஒரு தூரம் தப்பாக இருக்கும், மீட்டர் நிஜமாகவே மக்கர் பண்ணியிருக்கும் என்று வேண்டிக்கொண்டே கூட்டினேன். நாலு வருஷம் தேடியதைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எண்பத்தொன்பது புள்ளி ஏழு. கீழிருந்து மேலே கூட்டினேன். அதேதான்.

ரயில், மருந்து, செல்போன் சில்லு, எல்லாம் ஒரு நொடியில் கையைவிட்டுப் போயிற்று. ஏடிஎம் மட்டும் பத்திரம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

“பதினோரு நாளா மறைச்சிருக்கீங்க! நாளக் கழிச்சு நூத்தம்பது பேருக்கு முன்னால என்னப் பொய் சொல்ல வைக்கப் பாத்தீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?”

“பொய் நீ சொல்லல. நான்தான் எழுதுனேன். தெரியாமச் சொன்னா பொய்யில்ல.” குனிந்துகொண்டே பேசினார். “தப்பு எதுவும் இல்லன்னு அவங்க லெட்டரு வந்த அன்னைக்கு நீ அடுப்படியில பாடுன. கல்யாணமாகி பதினேழு வருஷத்துல நீ பாடி நான் கேட்டதே இல்ல. ஒண்ணு கம்மியா வந்தாலும் எல்லாம் போச்சுன்னு நீதான சொன்ன? எந்தக் கையால நான் அந்த எண்ண எழுதுறது?”

நான் நோட்டை மூடி வைத்தேன். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: “உன் முறை ரெண்டு ஊரும் பக்கம்னு மொதல்லயே ஒட்டிருது. பிரிக்கவே வேண்டாம்ங்குது. முப்பத்தோராம் பக்கத்துல. மூணு துண்டு ஒரே நேரத்துல வந்து சேருற எடத்த அங்க நீ பாக்கல, ரெண்டு துண்டத்தான் பாத்திருக்க. பன்னெண்டு ஊருக்குள்ள அப்படி ஒரு எடமே வரல போல. ஓடைப்பட்டியும் கரட்டுப்பட்டியும் அப்படி ஒரு எடத்துல இருக்கு. ஆண்டிச்சாமி வந்து பிச்சு விட்டாரு.”

எழுந்துபோய் மறுபடி சாக்கை அலச ஆரம்பித்துவிட்டார். நான் முப்பத்தோராம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன மாதிரியே, ஓட்டை இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவரிடம் நான் பேசவில்லை. சோறு வைத்தேன், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கும் கெட்ட புத்தி வந்தது. மூன்று பேராசிரியர்கள் கண்ணில் படாதது நாலாவது ஆள் கண்ணில் படவா போகிறது? படித்துவிட்டு வந்துவிடலாம். ஒரு வருஷமாவது பெயரோடு இருக்கலாம். முப்பத்தொன்பது வயதில் இன்னும் நிரந்தரமாகாத ஒருத்திக்கு அந்த ஆசை வருவது பெரிய குற்றமா? சாயங்காலம் வரைக்கும் அந்த நினைப்போடுதான் இருந்தேன். பிறகு கண்ணாடித்தாள் ஒன்றைப் புதிதாக எடுத்து, இருபத்தைந்து தூரங்களையும் வரிசையாக எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. தலைமை தாங்கியவர் மரியசெல்வம் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர். என்னைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டால் நானே நான் இல்லை என்று நினைத்திருப்பேன். மைக்கை வாங்கினேன்.

“என் தேற்றம் தப்பு” என்றேன். “எப்படித் தப்புன்னு காட்டுறேன். எல்லாரும் கூடவே கூட்டுங்க.”

கண்ணாடித்தாளை புரொஜெக்டர் விளக்கில் வைத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். நூற்றைம்பது பேர் பேனாவை எடுத்துக் கூட்டினார்கள். எண்பத்தொன்பது புள்ளி ஏழு என்று முன் வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார், பின்னாலிருந்து இன்னும் பத்துப் பேர் சொன்னார்கள். முப்பத்தோராம் பக்கத்தின் ஓட்டையையும் விளக்கினேன். முதல்வர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரியசெல்வம் சார்தான் முதலில் பேசினார். “ரொம்ப நேர்மையான காரியம்மா. இந்த எதிர் உதாரணத்தைக் கண்டுபிடிச்சது யாரு?”

“முருகேசன்.”

“எந்தக் கல்லூரி?”

“கல்லூரி இல்ல சார். எங்க வீட்டுக்காரர். நிலக்கோட்டையில பூ வேன் ஓட்டுறாரு.”

அரங்கம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனாலும் சிரித்தது. “மீட்டர்ல தற்செயலாப் பார்த்திருப்பார்” என்று முன் வரிசையில் ஒருவர் சொன்னார். அவர் என் கட்டுரையைப் படித்த மூவரில் ஒருவர். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

“மீட்டர்ல பாத்தது தற்செயல்தான் சார். அதுக்கப்புறம் என் அம்பத்திரண்டு பக்கத்தையும் எடுத்து வச்சுப் படிச்சு, எந்தப் பக்கத்துல எந்த எடத்துல தப்புன்னு கண்டுபிடிச்சது தற்செயல் இல்ல. அதே பக்கத்த நீங்களும் படிச்சீங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. என் கணக்கு முழுசாகப் புரிகிற ஆள் ஒருத்தராவது கிடைக்க மாட்டாரா என்று நாலு வருஷமாக மதுரைக்கும் சென்னைக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கியர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் கீழே விடவில்லை. ஒரு நாளாவது ‘உங்களுக்குப் புரியுதா?’ என்று நான் அவரைக் கேட்டதில்லை.

மைக்கைப் பிடித்தபடி அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதேன். தேற்றம் போன துக்கம் என்று நினைத்து மரியசெல்வம் சார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் நிலக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தேன்.